பாலியில் கடலோர வில்லா எடுக்கப் போகிறீர்களா? முன்பணம் அனுப்புமுன் இதைப் படியுங்கள்

இரண்டு குடும்பம், ஒன்பது பேர், ஐந்து இரவு. விளம்பரத்தில் ‘பீச்ஃபிரண்ட் வில்லா’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். படத்தில் நீச்சல் குளத்தின் விளிம்பும் கடலும் ஒட்டிக்கொண்டிருந்தன. போய் இறங்கினால் வாசலில் ஒரு ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை, அதற்குப் பின்னால் பாதி கட்டிய கட்டடம், அதற்கும் பின்னால் கடல். ராத்திரி அலைச் சத்தம் கேட்டது. கடல் தெரியவில்லை. கிளம்பும் அன்று பில்லில், பேசிய தொகைக்கு மேல் 21 சதவீதம் ஏறியிருந்தது. என் மைத்துனர் அந்த பில்லை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார், சமயம் வரும்போது எனக்கு எடுத்துக் காட்ட.

இரண்டாம் முறை போனபோது ஏறக்குறைய எல்லாம் சரியாக அமைந்தது. இரண்டு பயணத்திலும் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். ஹோட்டல் அறை எடுப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. தனி வில்லா, சொந்தக் குளம், சமையல்காரர், எதிரே கடல் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கானது இது.

1. ‘பீச்ஃபிரண்ட்’ என்றால் என்னவென்று கேளுங்கள்

விளம்பரங்களில் நான்கு சொற்கள் புழங்குகின்றன. நான்கும் வேறு வேறு.

‘ஓஷன் வியூ’ என்றால் எங்கிருந்தோ கடல் தெரியும், அவ்வளவுதான். மாடிக் குளியலறை ஜன்னலிலிருந்து தெரிந்தாலும் அது வியூதான். ‘ஓஷன்ஃபிரண்ட்’ என்றால் மனை கடலைத் தொட்டு நிற்கிறது. ஆனால் அங்கே மணல் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பாறை இருக்கலாம், கான்கிரீட் சுவர் இருக்கலாம், நூறு அடிச் செங்குத்துச் சரிவும் இருக்கலாம். ‘பீச்ஃபிரண்ட்’ என்றால் மணல் இருக்க வேண்டும், நடுவில் ரோடு இருக்கக் கூடாது. எங்கள் அனுபவம் மேலே. நான்காவது, ‘பீச்சுக்குச் சில படிகள்’. தெற்கே புக்கிட் பக்கம் இந்தப் படிகள் நிஜமான படிகள். மலைச் சரிவில் செதுக்கிய செங்குத்துப் படிகள், நூற்றுக்கணக்கில். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்டிடம் “கடல் எவ்வளவு தூரம்?” என்று கேட்டால் “ரொம்பப் பக்கம், நடந்தே போகலாம்” என்பார். இந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. இப்படிக் கேளுங்கள்: “வரவேற்பறையில் நின்று வீடியோவை ஆன் செய்து, வெட்டாமல், கால் அலையில் படும்வரை நடந்து காட்டுங்கள்.” உண்மையான வில்லாக்காரர் அன்று சாயங்காலமே அனுப்பிவிடுவார். எங்கள் இரண்டாவது வில்லாவின் மேனேஜர் அனுப்பிய வீடியோ 40 விநாடிதான். குளம், புல்வெளி, ஒரு மரக்கதவு, மணல், அவருடைய செருப்பு நனைகிறது. முடிந்தது. முதல் ஏஜென்ட் இதே கேள்விக்கு ட்ரோன் படம் அனுப்பியிருந்தார். மேலிருந்து எடுத்தால் எந்த வீடும் கடலோரத்தில்தான் இருக்கும்.

அப்புறம் மேப்பில் செயற்கைக்கோள் படத்தை வைத்து தூரத்தை நீங்களே அளந்துவிடுங்கள். பக்கத்து மனை காலியாகவோ மண்ணைத் தோண்டிப் போட்டதாகவோ தெரிந்தால், “பக்கத்தில் கட்டுமான வேலை நடக்கிறதா?” என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பாலியின் தெற்கில் எங்கு பார்த்தாலும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கும் கல் வெட்டும் சத்தத்துக்கு எந்த வில்லாவும் தள்ளுபடி தருவதில்லை.

2. எந்தக் கரை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வில்லா படங்களைப் பார்த்து மயங்கிவிட்டு அப்புறம் ஊரைப் பார்ப்பது தலைகீழ் வழி. பாலியின் ஒவ்வொரு கரைக்கும் ஒரு குணம் உண்டு.

மேற்குக் கரை (குட்டா, செமின்யாக், சாங்கு): சூரிய அஸ்தமனம் இங்கேதான். அலை பெரிது, இழுப்பு அதிகம். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது, பல நாள் அது பறந்துகொண்டுதான் இருக்கும். சாங்கு பக்கம் மணல் எரிமலைச் சாம்பல் கலந்து கறுப்பாக இருக்கும். ‘வெள்ளை மணல்’ கனவோடு போனால் ஏமாற்றம். விமான நிலையத்திலிருந்து சாங்கு போக, தூரத்தைப் பார்த்தால் அரை மணி, டிராஃபிக்கைப் பார்த்தால் ஒன்றரை மணி.

புக்கிட் (உலுவாட்டு, பிங்கின்): காட்சிக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் பெரும்பாலும் குன்றின் மேல் வீடு, கீழே கடல். கால் நனைக்கப் படி இறங்க வேண்டும். அலைச்சறுக்குக்காரர்களின் இடம், சிறு குழந்தைகளின் இடமல்ல.

நூசா துவா, தஞ்சோங் பெனோவா: வெளிர் மணல், அமைதியான தண்ணீர். சுத்தமாக, ஒழுங்காக, கொஞ்சம் உயிரில்லாமல் இருக்கும். குழந்தைகளும் பெரியவர்களும் கலந்த குடும்பத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சனூர்: கிழக்குப் பார்த்தது, சூரியோதயம். பவளத்திட்டு தடுப்பதால் கரையில் அலை சாது. ஆனால் நாங்கள் இரண்டாம் முறை இங்கே எடுத்தபோது எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. முதல் நாள் காலை அண்ணன் மகள் வாளியும் மண்வெட்டியுமாக ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கடலைக் காணோம். தண்ணீர் உள்வாங்கி, பாசி படர்ந்த பவளமும் கடற்புல்லும் குட்டைகளுமாக வெகுதூரம் நீண்டு கிடந்தது. “சித்தப்பா, கடலை யாரோ எடுத்துட்டாங்க” என்றாள். மத்தியானம் திரும்பி வந்துவிட்டது. ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம், தாழும்போது சனூரில் இப்படித்தான். உங்கள் தேதிகளுக்கான ஓத அட்டவணையை நெட்டில் பார்த்து, எந்த நேரம் குளிக்கலாம் என்று குறித்துக்கொண்டால் பிரச்சினையில்லை. தண்ணீருக்குள் நடக்க ரப்பர் செருப்பு கட்டாயம்.

சந்திடாசா: ஒருகாலத்தில் பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்ததில் மணல் பெரும்பகுதி அரித்துப் போய்விட்டது. இப்போது பல இடங்களில் கடலும் கான்கிரீட் தடுப்பும்தான். வாடகை குறைவாக இருப்பதைப் பார்த்து ‘ஓஷன்ஃபிரண்ட்’ எடுத்துவிட்டு மணலைத் தேடாதீர்கள்.

வடக்கே லோவினா, வடகிழக்கே ஆமெட் இரண்டும் அமைதியானவை, கறுப்பு மணலும் கூழாங்கல்லும். விமான நிலையத்திலிருந்து மலை சுற்றி ஏறத்தாழ மூன்று மணி நேரம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

3. மாதம்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், நவம்பர் முதல் மார்ச் வரை மழை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை உச்சத்தில் இருக்கும். இது எல்லோரும் சொல்வதுதான். பலர் சொல்லாதது, மழைக்காலத்து மேற்குக் காற்று குட்டாவிலிருந்து ஜிம்பாரான் வரை கரையில் பிளாஸ்டிக் குப்பையை ஒதுக்கிக் கொட்டும் என்பது. வண்டி வைத்து அள்ளுவார்கள், மறுநாள் மறுபடியும் வந்து கிடக்கும். அந்த மாதங்களில் மேற்குக் கரை வில்லாவுக்கு முழு வாடகை கொடுப்பதில் அர்த்தமில்லை. கிழக்குப் பக்கம் பாருங்கள்.

ஜூலை, ஆகஸ்ட், அப்புறம் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வாடகை ஏறும், குறைந்தபட்சம் ஐந்து அல்லது ஏழு இரவு என்று நிபந்தனையும் போடுவார்கள். இந்தத் தேதிகளுக்கு ஐந்தாறு மாதம் முன்பே பேச ஆரம்பியுங்கள். மே, ஜூன், செப்டம்பரில் வானமும் நன்றாக இருக்கும், பேரம் பேசவும் இடமிருக்கும்.

ஒரு நாளைக் கட்டாயம் சரிபாருங்கள்: ஞெப்பி. பாலி இந்துக்களின் மௌனப் புத்தாண்டு. பெரும்பாலும் மார்ச்சில் வரும். 2025-இல் மார்ச் 29, 2026-இல் மார்ச் 19. அன்று காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை விமான நிலையமே மூடியிருக்கும். தெருவில் யாரும் நடக்கக் கூடாது, வெளியே விளக்கு தெரியக் கூடாது, மொபைல் இன்டர்நெட்டும் நிற்கும். சுற்றுலாப் பயணிக்கு விலக்கு இல்லை. வாசலில் கடல் இருந்தாலும் மணலில் கால் வைக்க முடியாது. பெச்சலாங் எனப்படும் ஊர்க்காவலர்கள் ரோந்து வருவார்கள். நட்சத்திரம் பார்க்கவே இந்த நாளுக்கு வருகிறவர்களும் உண்டு. அன்று நீங்கள் டிக்கெட் போடாமல் இருந்தால் சரி.

4. வீட்டுக்கு உரிமம் இருக்கிறதா?

“உல்லாசமாகப் போகிற இடத்தில் லைசென்ஸ் எதற்கு?” என்று நானும் நினைத்தேன். காரணம் இருக்கிறது. இந்தோனேசியாவில் உயர் ஓத எல்லையிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கடற்கரைக் காப்புப் பகுதி. மணலில் கால் வைத்தாற்போல் நிற்கும் புது வீடுகள் எல்லாவற்றுக்கும் அனுமதி இருக்கும் என்று சொல்ல முடியாது. 2025 ஜூலையில் பிங்கின் கடற்கரையில் சட்டவிரோதமாகக் கட்டியவை என்று நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களை அரசு இடிக்கத் தொடங்கியது. வில்லாக்கள், விடுதிகள், உணவகங்கள் எல்லாம் அதில் போயின. அதே ஆண்டு மார்ச்சில் பாலி ஆளுநர் வெளியிட்ட சுற்றறிக்கை, சுற்றுலாப் பயணிகள் உரிமம் பெற்ற இடங்களிலேயே தங்க வேண்டும் என்கிறது.

கேட்க வேண்டியது என்.ஐ.பி. எனப்படும் வணிகப் பதிவு எண். 13 இலக்கம். முறையாக நடத்துகிறவர்கள் கேட்டதும் தருவார்கள். “அதெல்லாம் ஓனரிடம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்” என்ற பதில் வந்தால் அடுத்த வில்லாவைப் பாருங்கள்.

மாறாக, அவர்கள் உங்கள் பாஸ்போர்ட் நகலைக் கேட்டால் பதற வேண்டாம். வெளிநாட்டவர் தங்குவதைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் கடமை. ஆனால் புக்கிங் உறுதியாகுமுன் அனுப்பாதீர்கள்.

5. முழுத்தொகை எவ்வளவு?

இங்கேதான் நாங்கள் விழுந்தோம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி (++) இருந்தால், சேவைக் கட்டணம் 10 சதவீதம், அந்தத் தொகையின் மேல் வரி 10 சதவீதம், ஆக 21 சதவீதம் கூடும் என்று பொருள். உதாரணத்துக்கு, ஓர் இரவுக்கு 80 லட்சம் ரூபியா (இந்தோனேசிய நாணயம், நம் ரூபாய் அல்ல) என்றால்:

ஐந்து இரவுக்கு 4 கோடி ரூபியா
சேவைக் கட்டணம் 40 லட்சம்
வரி 44 லட்சம்
மொத்தம் 4 கோடியே 84 லட்சம்

கூட்டல் குறிகள் விளம்பரத்தில் சின்னதாக இருக்கும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் பேசும்போது அவை காணாமலே போய்விடும். அதனால் ஒரே ஒரு வரியை எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்: “வரி, சேவைக் கட்டணம், மின்சாரம், சுத்தம் செய்யும் கட்டணம் எல்லாம் சேர்த்து, ஒன்பது பேருக்கு, ஐந்து இரவுக்கு, நான் கொடுக்க வேண்டிய கடைசித் தொகை என்ன?” தலைக்கணக்கை மறக்காமல் போடுங்கள். எட்டுப் பேருக்கான வில்லாவில் ஒன்பதாவது ஆள் ஐந்து வயதுப் பையனாக இருந்தாலும் கூடுதல் படுக்கைக்குக் காசு.

சைபர்களிலும் கவனம் தேவை. ‘ஜுத்தா’ என்றால் பத்து லட்சம், ‘ரிபு’ என்றால் ஆயிரம். பேச்சில் பாதி நேரம் சைபர்களை விழுங்கிவிடுவார்கள். சிலர் டாலரில் விலை சொல்லிவிட்டு, தங்களுக்குத் தோன்றிய மாற்று விகிதத்தில் ரூபியா கேட்பார்கள். ஆரம்பத்திலேயே ரூபியாவில் தொகையை நிர்ணயித்துக்கொள்ளுங்கள்.

சமையல்காரர் வில்லாவோடு சேர்ந்து வருவார் என்றால், அவருடைய சம்பளம்தான் சேர்ந்து வருகிறது. சாமான் செலவு உங்களுடையது. ரசீதின் மேல் சதவீதம் போடுகிற வில்லாக்களும் உண்டு, எத்தனை என்று கேளுங்கள். மணிவிழா, நிச்சயதார்த்தம் என்று ஏதாவது நடத்துவதாக இருந்தால் அது வேறு கணக்கு. வில்லாவுக்கு ஒரு நிகழ்ச்சிக் கட்டணம், பன்ஜார் எனப்படும் ஊர்ச்சபைக்கு ஒரு கட்டணம், பாட்டுச் சத்தத்துக்கு நேரக் கட்டுப்பாடு. சொல்லாமல் நடத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். முப்பது பேர் வந்திறங்கினால் தெருவுக்கே தெரியும்.

6. பணம் அனுப்பும்போது

பழகிய மோசடி ஒன்று உண்டு. பெரிய புக்கிங் தளத்தில் வில்லாவைப் பார்ப்பீர்கள். வில்லாக்காரர் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்து, “நேரடியாகக் கட்டினால் 15 சதவீதம் குறைவு” என்பார். கணக்கு எண் தனியாள் பெயரில் இருக்கும். பணம் போன பிறகு வில்லா இருக்கும், உங்கள் புக்கிங் இருக்காது.

நேரடியாகப் பேசுவதே தப்பு என்று சொல்லவில்லை, நானே இரண்டாம் முறை அப்படித்தான் எடுத்தேன். ஆனால் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், அந்தப் பெயர் இன்வாய்ஸில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். வில்லா படங்களை இமேஜ் தேடலில் போட்டுப் பாருங்கள். ஒரே குளம் மூன்று பெயர்களில் மூன்று ஊர்களில் வந்தால் மூடிவிடுங்கள். முடிந்தால் கிரெடிட் கார்டு. இரண்டு மூன்று சதவீதம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுக்கலாம், தகராறு வந்தால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். பெரும்பாலும் பாதி முன்பணம், மீதி வருகைக்கு 30 முதல் 60 நாள் முன்னால். அதற்கு மேல் அவசரப்படுத்தினால் நீங்கள் நிதானியுங்கள்.

7. ரத்து விதி, இன்சூரன்ஸ்

ரத்து விதியில் ‘விமானம் ரத்தானால்?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா பாருங்கள். பாலிக்குக் கிழக்கே ஃபுளோரஸ் தீவில் லெவோதோபி எரிமலை 2024 நவம்பரிலும் 2025 ஜூன், ஜூலையிலும் சாம்பல் கக்கியபோது பாலி விமானங்கள் பல ரத்தாயின. வில்லாக்காரர் தேதி மாற்றித் தருவாரா, பணம் திருப்புவாரா, இரண்டும் இல்லையா என்று எழுத்தில் இருக்கட்டும். பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது எரிமலைச் சாம்பல் அதில் அடங்குமா என்று பாருங்கள். ஸ்கூட்டர் ஓட்டுவதாக இருந்தால், இருசக்கர வாகன உரிமம் இல்லாதவருக்கு விபத்தில் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

8. உங்கள் பக்க ஆவணங்கள்

பாஸ்போர்ட் வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்ல வேண்டும். குழந்தைகளுடையதைச் சரிபாருங்கள், அவர்களுடையதுதான் சீக்கிரம் காலாவதியாகும்.

விசா: இந்திய பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா (விசா ஆன் அரைவல், போய் இறங்கியதும் வாங்குவது) உண்டு, ஆளுக்கு 5,00,000 ரூபியா, 30 நாள், ஒரு முறை நீட்டிக்கலாம். ஆன்லைனில் முன்னதாகவே எடுத்துவிட்டால் ஒரு வரிசை மிச்சம். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்காரர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். மற்றவர்கள் தங்கள் நாடு பட்டியலில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலிச் சுற்றுலா வரி: 2024 பிப்ரவரி 14 முதல் ஆளுக்கு 1,50,000 ரூபியா. குழந்தைக்கும் உண்டு, விசா வேண்டாதவர்களுக்கும் உண்டு. லவ் பாலி தளத்தில் கட்டினால் க்யூஆர் குறியீடு வரும்.

வருகை அட்டை: ‘ஆல் இந்தோனேசியா’ என்ற ஒரே படிவம், வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம். இதற்குக் காசு கேட்கும் தளம் போலி. இந்தோனேசிய அரசுத் தளங்களின் முகவரி ‘ஜி-ஓ டாட் ஐ-டி’ என்று முடியும். விசாவுக்கும் வரிக்கும் அதே பரிசோதனைதான்.

ஒன்பது பேருக்கு விசா 45 லட்சம், வரி 13.5 லட்சம், ஆக 58.5 லட்சம் ரூபியா. வில்லா பட்ஜெட்டில் இதைச் சேர்க்க மறந்துதான் நாங்கள் முதல் முறை விமான நிலையத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

9. வில்லாவில் இறங்கிய முதல் அரைமணி

பெட்டியைத் திறக்குமுன் போனை எடுத்து எல்லா அறையையும் வீடியோ எடுங்கள். சோபாக் கறை, விரிசல் விட்ட கண்ணாடி, டிவியின் மூலை. அப்படியே மேனேஜருக்கு அனுப்பிவிடுங்கள். ஏசி எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் எதையெல்லாம் தாங்கும் என்று கேளுங்கள். எங்கள் வில்லாவில் விளக்கும் ஃபேனும் மட்டும்தான்.

குளத்துக்கு வேலி பெரும்பாலும் இருக்காது. சின்னக் குழந்தை இருந்தால் புக்கிங்கின்போதே தற்காலிக வேலி கேளுங்கள், பல வில்லாக்கள் வாடகைக்கு வரவழைத்துத் தருவார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், கேன் வைத்திருப்பார்கள். பிளக் உருண்டையான இரண்டு முள், நம் மூன்று முள் நுழையாது. காலையில் வாசற்படியில் பூவும் சோறுமாகத் தென்னோலைத் தட்டு ஒன்று இருக்கும். சனாங் சாரி, பூஜைப் படையல். மிதிக்காமல் தாண்டிப் போங்கள்.

10. கிளம்பும் நாள்

காலி செய்யும் நேரம் பகல் 11 அல்லது 12. விமானம் ராத்திரியா? அரை நாள் கட்டணம் எவ்வளவு என்று முதல் நாளே கேட்டு வையுங்கள், அடுத்த ஆட்கள் வராவிட்டால் சும்மாவே இருக்கவிடுவார்கள். மேனேஜரோடு சேர்ந்து அறைகளைச் சுற்றி வந்து, “டேமேஜ் எதுவும் இல்லை” என்று அவர் கையால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். டெபாசிட் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ரொக்கமாக, கார் கிளம்புமுன் வாங்குங்கள். “இரண்டு நாளில் ட்ரான்ஸ்ஃபர் செய்கிறோம்” என்றதை நம்பி முதல் முறை நாங்கள் காரில் ஏறினோம். பதினேழாவது நாள் வந்தது, வங்கிக் கட்டணம் போக.